மூச்சுத் திணறலுக்கு உடல் பருமன் மட்டுமா காரணம்?

 

என் தம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். அவருடைய மனைவிக்கு வயது 38. சற்றுப் பருத்த உடல்வாகு. சென்ற ஆண்டு இரயில் நிலையத்துப் படிகளில் ஏறும்போதெல்லாம் மூச்சிரைத்து நின்றுவிடுவார். "உடம்பைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்பதே அனைவரின் தீர்ப்பாக இருந்தது. உறவினர் ஒருவர் இளைப்பதற்கு மாத்திரையே வாங்கி வந்துவிட்டார். அதனை உட்கொள்ள நான் விடவில்லை. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் அழுத்தம் மிகுவது ஒரு கொடிய நோய். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் சோதனையில் அது புலப்படாது. 1965இல் ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதனை உண்ட பலருக்கு இந்நோய் கண்டதால் 1968இல் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் அதே நோக்கத்துடன் வந்த ஃபென்ஃபுளுரமின் மாத்திரையும் இந்நோயை உண்டாக்கியது. இருதய வால்வுகளையும் கெடுத்தது. 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது நீக்கப்பட்டது. 1998இல் நம் நாடும் தடை விதித்தது. இளைக்க விரும்பியோர் மூச்சையே இழந்த வரலாறு இது!

அப்படியானால் பருமனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பருத்தவர்கள் சிலருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபட்டு, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அப்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது. என் தம்பி மனைவிக்கு எக்கோ பரிசோதனையில் தெரியவந்ததும் இதுவே. இப்போது இரவில் மூச்சுக்கருவி பொருத்தி உறங்குகிறார். மருத்துவர் சொற்படி உணவைக் குறைத்து, நடைப்பயிற்சியும் செய்கிறார். படியேறுவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால் வீங்கி, சில நாட்களிலேயே எடை கூடினால் அது கொழுப்பன்று. இருதயம் தளர்ந்து உடலில் நீர் தேங்குவதாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார இரயிலில் சென்ட்ரல் வந்திறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது.

வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கென விட்டுவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அதனை நாம் பேணுவோம். ஆனால், மூச்சுவிடத் திணறும் பெண்ணிடம் அதனை ஏளனமாகச் சொல்லிக் காட்டாமல், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.