வளர்ப்பு முத்தும் வார்ப்புச் சிலையும்

கொற்கையில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. பாண்டியர் துறைமுகம் வயல் சூழ்ந்த சிற்றூராகிவிட்டது. அங்கே அக்கசாலைப் பிள்ளையார் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அக்கசாலை என்றால் உலோகம் உருக்கி நாணயம் அடிக்கும் பட்டறை. முத்துக்குப் பேர்போன ஊரில் சாமியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு பிழைத்திருப்பது ஓர் உலைக்கூடத்தின் பெயர்! பழைய புதைகுழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பிலிருந்து கொற்கை வழியாகத் தூத்துக்குடி வரை பார்த்துக்கொண்டு வரும்போது இந்தக் கரையின் கதையில் முத்துக்கு நிகராக வெண்கலமும் இருப்பது தெரிகிறது. முத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. பழைய வெண்கல உருவங்களை மெழுகில் பிடித்துக் கையால் வார்க்கும் நகல்களை ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கும் வழக்கமும் அந்த அலட்சியத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

கொற்கையின் முத்துக்குளிப்பை ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல் குறித்திருக்கிறது. கிழக்கத்திய பண்டங்களுக்காக ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் காசு வெளியே போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தி எழுதினார். அப்படி முத்து வாங்கிய ரோமானியர் வீடுகளில் ஒரு சிறு மாடம் இருந்தது. அதில் லாரெஸ் எனப்படும் காவல் தெய்வங்கள் நின்றன: குட்டை அங்கி, ஆடும் கால், ஒரு கையில் உயர்த்திப் பிடித்த மதுக்கொம்பு, மறு கையில் படையல் தட்டு. பெரும்பாலும் இரட்டையாக, ஒரு சாணுக்குள் அடங்கும் வெண்கலச் சிலைகள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்து வீடுகளில் இத்தகைய மாடங்கள் பல கிடைத்திருக்கின்றன. அந்த உருவங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை போலவே இருக்கும். ஒரே அமைப்பைப் பட்டறைகள் திரும்பத் திரும்ப வார்த்தன. வாங்கியவர்கள் எது மூலம், எது நகல் என்று கேட்டிருக்க வாய்ப்பில்லை. இன்று ஐரோப்பிய அருங்காட்சியகக் கடைகளில் அவற்றின் மறுவார்ப்புகள் விற்பனையாகின்றன. நம் நாட்டுக்கும் அவ்வகைச் சிறு வெண்கலங்கள் வந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில், பிரம்மபுரி அகழாய்வில் 1940களில் கிடைத்த கடல் தெய்வம் பொசைடனின் சிலை அதற்குச் சாட்சி.

நம் கரையின் வெண்கலம் அதைவிடப் பழையது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றில் வெண்கலக் கிண்ணங்களும், எருமை, ஆடு, சேவல், புலி, யானை உருவங்களும், ஒரு சிறிய தாய்த்தெய்வமும் உண்டு. கிண்ணங்களை ஆராய்ந்த தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் சிலவற்றில் வெள்ளீயம் ஏறக்குறைய கால் பங்கு இருப்பதைக் கண்டார். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் ஆறிய நிலையில் அடி தாங்காது, உடைந்துவிடும். செஞ்சூட்டில் அடித்து மெலிதாக்கி, சூடு ஆறுமுன் நீரில் தோய்த்தால்தான் நிற்கும். இதே முறையில் கிண்ணம் செய்த கேரளக் கைவினைஞர்களின் வேலையையும் அவர் பதிவு செய்திருக்கிறார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. புதைகுழியில் கிடைத்த பொருள் என்ன என்பதை நுண்ணோக்கி சொல்லும். அது எப்படி ஆனது என்பதை உலையடியில் உட்கார்ந்திருக்கும் கைதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கை இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் முதன்மையானது காவிரிக் கரையின் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகளின் வேலை தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவதில் தொடங்குகிறது. கரி அனலில் இளக்கிய மெழுகை விரலால் உருட்டி, தலை, உடல், கை, கால் என்று தனித்தனியாகப் பிடிக்கிறார்கள். சுட்ட இரும்புக் கரண்டியின் முனையை இரு துண்டுகளுக்கும் நடுவே ஒரு நொடி வைத்து எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. உடனே தண்ணீரில் போட்டு இறுக விடுகிறார்கள். முடிந்த மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது மாவு போன்ற வண்டல் மண். மெழுகில் விரல்ரேகை இருந்தால் அதையும் அந்த மண் பிடித்துக்கொள்ளும். பிறகு கனத்த மண் பூசி, காய வைத்து, வரட்டி நெருப்பில் சுட்டு மெழுகை ஓட விட்டு, காலியான இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் எடையைப் போல எட்டு மடங்கு செம்பு வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டின் சமஸ்கிருத நூலான ‘மானசோல்லாசம்’ கணக்குச் சொல்கிறது. ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு மண்கூட்டில் ஒரே சிலை. அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகு பிடிக்க வேண்டும். ஆகவே இந்த முறையில் செய்யும் நகல் ஒவ்வொன்றும் ஒரு முழு வேலை. ரோமானியச் சிறு வெண்கலங்களும் இதே மெழுகு வார்ப்பில் ஆனவைதான். ஆகவே லாரெஸையும் நம் ஸ்தபதிகள் வார்க்கலாம்.

இப்போதுதான் ஸ்கேன் செய்து பிசினில் அச்சிட்டு எடுக்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். அளவு துல்லியமாக வரும், விலையும் குறையும், மறுக்கவில்லை. பார்வைக் குறை உள்ளவர்கள் தொட்டுப் பார்க்கவும் பள்ளிகளுக்குக் கொடுக்கவும் அது போதும். ஆனால் அது உருவத்தை மட்டும் தருகிறது, செய்முறையைத் தருவதில்லை. இந்த வேறுபாட்டைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்தார்கள். அந்த முத்தை யாரும் போலி என்று சொல்லவில்லை. கருவை வைத்தது மனிதன் என்றாலும், அடுக்கடுக்காகப் பூசி வளர்த்தது சிப்பி. கடைத்தெருவில் விற்கும் பிளாஸ்டிக் மணி வேறு, வளர்ப்பு முத்து வேறு. பிசின் அச்சும் மெழுகு வார்ப்பும் அப்படித்தான்.

நகல் பெருகினால் சிலைத் திருடர்களுக்கு வசதியாகும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. கோயிலில் நகலை வைத்துவிட்டு மூலத்தைக் கடத்திய வழக்குகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஆனால் அந்த மோசடி ரகசிய நகலில் நடந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த சிலைகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. புதிய சிலைகளை ஏற்றுமதி செய்பவர்கள் அவை தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெறுகிறார்கள். பீடத்தின் அடியில் ‘நகல்’ என்ற சொல்லையும் பட்டறையின் பெயரையும் ஆண்டையும் மெழுகிலேயே பொறித்துவிட்டால் அது உலோகத்தோடு உலோகமாக வந்துவிடும். அதை அரம் போட்டு அழித்தால் அழித்த தடம் தெரியும். வெளிப்படையாகச் செய்த நகல் மூலத்துக்குக் காவல்.

அயல்நாட்டுத் தெய்வத்தை நம் கலைஞர் ஏன் வார்க்க வேண்டும் என்றும் சிலர் முகம் சுளிக்கலாம். தூத்துக்குடியின் பனிமய மாதா திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது ஊர் மரபு. கடல் கடந்து வந்த உருவத்தைத் தேரில் ஏற்றி இழுத்துத் தன் தாயாக்கிக்கொண்ட கரை இது. லாரெஸை வார்ப்பதால் இங்கே எவர் நம்பிக்கைக்கும் குறைவு வராது. ஸ்தபதிக்கு ஒரு மாத வேலை வரும். ஆனாலும் முதல் உரிமை ஆதிச்சநல்லூருக்கே. 2020 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த ஐந்து தொல்லியல் இடங்களில் அதுவும் ஒன்று. அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி 2023இல் அங்கே காட்சிக்கூடம் திறந்தார்கள். ஆனால் ரீ எடுத்த எருமையும் தாய்த்தெய்வமும் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகம் வார்ப்புக் கலைஞர் ஒருவரை அனுமதித்து அவற்றுக்கு அளவெடுக்க விட வேண்டும். மெழுகு, மண், உலை, ஆள் எல்லாம் தமிழ்நாட்டில் தயாராக இருக்கின்றன. அந்த அனுமதிதான் பாக்கி.