முதல் கோட்டுக்குக் கீழே

கொல்லிமலை வரைபடத் தாளை விரித்தால் பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. கோடுகளின் கூர்முனை மேட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் அங்கே ஓர் ஓடை இறங்குகிறது. பள்ளிப் புவியியல் பாடம்தான். அதே பாடத்தோடு, வடசென்னைக் கரையைக் காட்டும் 66 சி/8 தாளை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் இறங்கும் பயணிக்கு முதலில் கிடைப்பது வெறுமை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் சமஉயரக் கோடு பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையோர நிலமோ 10 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் காலால் நடந்து பார்க்கக்கூடிய கோடு ஒன்று இங்கே உண்டு: கரை. உயரங்களெல்லாம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. 1909-இல் நாட்டின் உயர அளவீடுகள் முதன்முறையாக ஒருங்கிணைக்கப்பட்டபோது, அந்தப் பூஜ்யத்தை ஒன்பது இடங்களில் பதிவான ஓத அளவுகளிலிருந்து எடுத்தார்கள். கராச்சி, பம்பாய், கொச்சி, நாகப்பட்டினம் ஆகியவற்றோடு சென்னையும் அதில் ஒன்று. கொல்லிமலையின் உச்சியை அளந்ததில் இந்தக் கடலுக்கும் பங்குண்டு.

காசிமேட்டிலிருந்து வடக்கே நடந்தால், அந்தக் கரையே இடம் பெயர்ந்திருப்பது தெரிகிறது. 1870-களில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கே தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் நிலத்தை இழந்தன. கரை நெடுகக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்த இழப்பின் கணக்கு.

சமஉயரக் கோடு என்ற யோசனை மலைக்கு வருவதற்கு முன் தண்ணீருக்கடியில்தான் பிறந்தது. 1730 வாக்கில் க்ரூகியஸ் என்ற டச்சுக்காரர் மெர்வெட ஆற்றின் ஆழங்களைக் கோடுகளால் இணைத்தார். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் இன்றும் ஆழக்கோடுகளை நம்பியே நுழைகின்றன.

திருவொற்றியூர் தாண்டியதும் பயணி பழுப்பு நிறத்தை விட்டுவிட்டு நீலத்தையும் மற்றக் குறிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. சதுப்புக் குறிகள், கரைமேடுகள், பக்கிங்காம் கால்வாய், அங்கங்கே தனித்து நிற்கும் உயரப் புள்ளிகள். கொசஸ்தலையாற்றின் மேல்புறத்தில் உள்ள பூண்டி ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 140 அடி, அதாவது 43 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் கொசஸ்தலையாறு கடந்து வருவது அதிகபட்சம் இரண்டே கோடுகள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு தண்ணீர் இறங்குவதைவிடப் பரவுவதே அதிகம். 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறந்த நீர் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது இப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் சேர்ந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து மீனவர்களின் வலைகளிலும் படகுகளிலும் அப்பியது. தாளில் அந்த நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டினால் எண்ணெய் வந்த வழி அப்படியே தெரியும்.

இந்தப் பகுதியில் கண்ணில் படும் மேடுகள் மனிதர் போட்டவை. கொடுங்கையூரில் குப்பை மலை. கழிமுகத்துக்கு வடக்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக்கரை. அதை ஒட்டித் தாழ்வில் செப்பாக்கம் கிராமம். ஈரநிலத்தில் சேரும் சாம்பல் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைப் பறிக்கிறது. முன்பு ஒப்புதலான வரைபடத்தில் இருந்த கழிமுகச் சதுப்பு பின்னால் வந்த வேறொன்றில் காணாமல் போயிருக்கிறது என்று 2017-இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம் சாட்டினார்கள். 66 சி/8 தாளும் முகத்துவாரத்தைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. காமராஜர் துறைமுகத்தையும் வடக்குச் சதுப்பையும் பார்க்க 66 சி/7-ஐ அதன் தலைமாட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சென்னைக்காக 2019-இல் தொடங்கப்பட்ட சி-ஃப்ளோஸ் வெள்ள முன்னறிவிப்பு, நகரத்தின் உயரத் தரவை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஆகவே தரவுக்குப் பஞ்சமில்லை. எர்ணாவூரிலும் சடையங்குப்பத்திலும் வார்டு அலுவலகச் சுவரில், அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்ட வரைபடம் தொங்க வேண்டும். எந்தத் தெரு முதலில் முங்கும், படகு எந்தப் பக்கமாக வர வேண்டும், எந்தப் பள்ளியின் மாடியில் ஏறி நிற்கலாம் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் மழைக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.