வெள்ளை நாயும் தூய குருதியும்

நாய்களிடையே நிறபேதமா என்று சிலர் நகைக்கக்கூடும். உயர்ந்த இனமெனப் பெயர்பெற்ற நாய்களை வளர்ப்போரிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவரும் வாதப்பிரதிவாதங்களைச் சற்று உற்றுநோக்கின் அந்நகைப்பு நெடுநேரம் நில்லாது. எந்த நிறம் ‘தூயது’, எந்த நிறம் ‘களங்கம்’, களங்கமுடையதைப் பெயரேட்டில் பதியலாமா, பதிந்தாலும் பந்தியில் இருத்தலாமா என்றெல்லாம் அவர்கள் வாதிடும்போது, இவ்வாசகங்களை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்ற உணர்வு எமக்கு எழாமல் இருப்பதில்லை.

நம்மூரில் அல்சேசன் என வழங்கும் நாயின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். முதலாம் உலகப் போரின் பின், ஜேர்மனி என்ற சொல்லே ஆங்கிலேயருக்குக் கசந்த காலத்தில், அவர்கள் அதற்கு இட்ட பெயர் அது. பழைய பெயரைப் பிரித்தானிய நாய்க் கழகம் மீட்டளிக்க 1977ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. அரசியற் காற்று மாற, பாவம், நாயின் பிறந்தநாடும் மாறிற்று!

1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மாக்ஸ் ஃபொன் ஸ்ரெபானிற்ஸ் என்ற முன்னாட் குதிரைப்படை அதிகாரி, கார்ல்ஸ்றூவே நகரக் கண்காட்சியொன்றில் மேய்ப்பு நாயொன்றைக் கண்டு வாங்கினார். ஹோரண்ட் என்று புதுப்பெயர் பெற்ற அந்நாயே, அவர் அம்மாதத்திலேயே நிறுவிய சங்கத்தின் பெயரேட்டில் முதலாம் இலக்கத்தைப் பெற்றது. அதன் தாய்வழிப் பாட்டனாகிய கிறைஃப் வெண்ணிற நாய். வெண்மை பிற்காலத்தில் எங்கிருந்தோ வந்து புகுந்த கலப்பு என்போர், இனத்தின் மூலநாயினது குருதியிலேயே அது ஓடிற்று என்பதை மறந்துவிடுகின்றனர். மேய்ப்பு நாயின் மதிப்பு அதன் வேலைத்திறனில் உள்ளது என்பதுதான் ஸ்ரெபானிற்ஸின் அடிப்படைக் கொள்கையாக இருந்தது.

1933இல் ஜேர்மானிய இனத்தர விதிகளில் வெண்மை விலக்கப்பட்டது. அவ்வாண்டு அந்நாட்டில் வேறு எவை நடந்தன என்பதை வரலாறு கற்பிக்கும் நண்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாய்க்கு இட்ட தடைக்கும் மனிதருக்கு இட்ட தடைகளுக்கும் நேரடியான காரணகாரியத் தொடர்பு காட்ட நாம் முனையவில்லை. மனிதரிடத்தே வெண்ணிறத்தை வணங்கிய ஓராட்சியின் காலத்தில் நாயிடத்தே வெண்ணிறம் தள்ளப்பட்டது என்பது வரலாற்றின் கேலியாகவும் தோன்றலாம். ஆனால், இரண்டிடத்தும் வழங்கிய சொற்கள் ஒரே அகராதியைச் சேர்ந்தவை: தூய்மை, கலப்பு, சீரழிவு.

வெள்ளை நாய்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் பல. அது செவிடு, மலடு, நரம்புறுதியற்றது, தன்னோடு சேரும் நாய்களின் வழித்தோன்றல்களையும் வெளிறச் செய்வது. ஆதலால், ஈன்ற அன்றே வெள்ளைக் குட்டிகளைப் பொறுக்கியெடுத்துக் கொன்றுவிடுவது நல்ல வளர்ப்பாளரின் கடமையென்று பலர் கொண்டனர். தாய் மற்றைக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தேறும்.

எம்மோடு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் இதுபற்றி வினவினோம். அவர் சுண்ணக்கட்டியை எடுத்து மெண்டலின் கட்டத்தை வரைந்தார். இந்நாய்களில் வெண்மைக்குரிய பரம்பரையலகு பின்னிடைவானது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தாலன்றி அது வெளித்தோன்றாது. கருமுதுகும் செம்பழுப்புக் காலுமாய் விதிக்கமைந்து நின்று பரிசு வாங்கும் இரு நாய்கள் அதனை மறைவாகச் சுமந்து சேருமாயின், அவற்றின் குட்டிகளில் நான்கிலொரு பங்கு வெள்ளையாகப் பிறக்கலாம். எனவே வெள்ளைக் குட்டிகளைக் கொன்றமையால் வெண்மை அழிந்துவிடவில்லை. ‘தூய’ நாய்களின் உள்ளேயே அது உறங்கிக் கிடந்தது. மேலும், இவ்வலகு உரோமத்திலே கருநிறமி உருவாவதை மட்டுமே தடுக்கின்றது. மூக்கும் இமையும் கருமையாகவே இருக்கும். வேறு சில நாய்களில் வெண்மையோடு சேர்ந்துவரும் செவிட்டுத்தன்மை உட்காதில் நிறமிக் கலங்கள் இல்லாமையால் விளைவது. அது வேறு; இது வேறு. இரண்டும் வெள்ளையாகத் தோன்றியமையால் ஒன்றின் குற்றத்திற்கு மற்றையது தண்டனை பெற்றது.

இன்னொன்றையும் கூறவேண்டும். ஹங்கேரியின் குவாஸ், இத்தாலியின் மரெம்மா முதலிய மந்தைக்காவல் நாய்கள் வெண்ணிறத்தன. இருளில் ஓநாயையும் நாயையும் பிரித்தறிய அந்நிறமே உதவுமென்று இடையர் அதனை விரும்பிப் பேணினர் என்பர். உழைப்பவனுக்குப் பயன்பட்ட நிறம் கண்காட்சி நடுவருக்குக் களங்கமாயிற்று.

தள்ளப்பட்ட நாய்க்கு விமோசனம் கிடைத்த விதமும் விசித்திரமானது. 1966இல் அமெரிக்காவிற் பிறந்த லோபோ என்ற வெள்ளை நாய் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் வழித்தோன்றல்கள் அங்கு பெருகின. 1991இல் அந்நாட்டுப் பெயரேட்டின் பின்னிணைப்பில் அவை தனியினமாக இடம்பெற்றன. அனைத்துலக நாய்க் கூட்டமைப்பு 2003 முதல் தற்காலிகமாகவும் 2011இல் நிரந்தரமாகவும் அவற்றை 347ஆம் இலக்க இனமாக ஏற்றுக்கொண்டது. சொந்த வீட்டில் இடமற்றவன் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுத் திரும்பிவந்ததைப் போன்ற கதை இது. இதிலே நாம் முழுமனத்தோடு மகிழ முடியவில்லை. ஏனெனில், புதிய இனத்தின் தரவிதியில், காதுநுனியிலும் முதுகிலும் பழுப்புநிறம் தெளிவாகப் படர்ந்திருப்பது குறையென்று எழுதப்பட்டிருக்கின்றது. நேற்று வெண்மைக்காகத் தள்ளப்பட்டவை இன்று போதிய வெண்மையின்மைக்காகப் புள்ளி இழக்கின்றன! அமெரிக்கக் கழகமோ வெள்ளை நாயை ஜேர்மன் ஷெப்பர்ட்டாகப் பதிந்துகொள்கிறது. அழகுப்போட்டி வளையத்துள் அதே நாயைத் தகுதியற்றதென வெளியேற்றுகிறது.

இங்கே மொழியாசிரியர் என்ற முறையில் ஒரு சிறு விலகல். ‘எங்கள் வீட்டு நாய்’ என்ற தலைப்பில் எம் மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தியபோது, “எங்கள் நாய் சாதி நாய், அதற்குப் பத்திரம் உண்டு” என்றொரு வாக்கியம் கண்ணிற் பட்டது. இலக்கணப் பிழை எதுவுமில்லை. எம் பேச்சுவழக்கிலே உயர்வகை நாய் ‘சாதி நாய்’தான், மற்றையது வெறும் ‘ஊர் நாய்’. ஆங்கிலேயரோ, தமிழ் மண்ணின் ஒடுக்கப்பட்ட சாதியொன்றின் பெயரையே தம்மொழிக்குள் கொண்டுபோய், தெருவில் திரியும் நாய்க்கு அடைமொழியாக்கினர். ‘பறையா நாய்’ என்பது அவர்களுடைய விலங்கியல் நூல்களிலும் அகராதிகளிலும் ஏறிய சொல். அம்மாணவனின் கட்டுரையில் சிவப்பு மையால் நாம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த பாடவேளை முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே செலவிட்டோம்.

இனி, வழக்கின் மறுபக்கம். நிறத்தடையை எதிர்ப்பதனால், புதுநிறம் தேடுவோர் அனைவரையும் முற்போக்காளரெனக் கொண்டால் ஏமாந்து போவோம். இன்று ‘அபூர்வ நிறம்’ என்பது ஒரு வியாபாரம். லப்ரடோர் நாய்க்குக் கறுப்பு, மஞ்சள், சாக்லேற் என மூன்று நிறங்களே ஏற்கப்பட்டவை. (மஞ்சளும் ஒருகாலத்தில் விரும்பப்படாததே, 1899இல் பிறந்த ‘பென் ஒஃப் ஹைட்’ என்பதுதான் பதிவுபெற்ற முதல் மஞ்சள் நாய்.) நிறத்தை நீர்க்கச்செய்யும் அலகு இரட்டித்தால் சாக்லேற் நிறம் சாம்பலாகும், அதனை ‘வெள்ளி’ என விளம்பரஞ்செய்து கூடிய விலைக்கு விற்பர். வேறோர் இனத்தைக் களவாகக் கலந்ததன் விளைவென்று தூய்மைவாதிகள் சீறுவர். கலந்தால் என்ன என்பதே எம் கேள்வி. நீர்த்த நிறமுள்ள நாய்கள் சிலவற்றில் உரோமம் உதிர்ந்து தோல்நோய் வருவது மெய். கேட்கவேண்டியது அதுபற்றியே, விற்பவரும் சீறுபவரும் அதற்கு இரண்டாமிடமே கொடுக்கின்றனர்.

இதனினும் கொடியது ‘மேள்’ எனப்படும் பளிங்குக்கோலம். ஓரலகு இருந்தால் நீலமும் சாம்பலும் சிதறிய அழகிய உடல். அத்தகைய இரண்டைச் சேர்த்தால், குட்டிகளில் நான்கிலொன்று இரட்டையலகு பெறும் வாய்ப்புண்டு. அவை பெரும்பாலும் வெண்மையாய், பல செவிடாகவும் குருடாகவும், சில கண்கள் சிறுத்துச் சுருங்கியும் பிறக்கும். இதனை அறிந்தும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் கண்ணைக் கவரும் குட்டிக்கு விலை கிடைக்கிறது; கண்ணற்ற குட்டி கணக்கில் வருவதில்லை. இலாபம் தனியாருக்கு, நட்டம் வாயில்லாப் பிராணிக்கு என்ற இவ்வேற்பாடு எமக்குப் புதியதன்று.

எனினும் தூய்மைவாதிகளின் கை சுத்தமென்று எவரும் கூறவேண்டாம். டல்மேசியன் நாய்களில் யூரிக் அமிலத்தை மிகுவிக்கும் குறைபாடு இனம் முழுவதிலும் நிலைத்துவிட்டது. சிறுநீர்க்கல்லால் அவை வருந்தின. 1973இல் றொபேட் ஷைபிள் என்ற மரபியலாளர் பொயின்ரர் இன நாயொன்றை ஒரே ஒருமுறை கலந்து, பின் தலைமுறைதோறும் டல்மேசியனோடே சேர்த்து, குறையற்ற நாய்களை உருவாக்கினார். அமெரிக்கக் கழகம் 1981இல் இரண்டைப் பதிந்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பவே கதவை மூடியது. மீண்டும் அது திறந்தது 2011இல். முப்பது ஆண்டுகள்! எத்தனை நாய்களின் நோவுக்கு மேலாக அந்தப் பெயரேட்டின் புனிதம் காக்கப்பட்டது!

ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்று ஒரு பிரிவு உண்டு. பிறக்கும் உயிருக்கு நோவையோ துன்பத்தையோ ஊனத்தையோ தருமென எதிர்பார்க்கத்தக்க இனப்பெருக்கத்தை அது தடுக்கின்றது. இரண்டு ‘மேள்’ நாய்களைச் சேர்ப்போர் அதன்கீழ்ப் பதில் சொல்லவேண்டும். வெள்ளை அல்சேசனை வளர்ப்பவர்மீது, அந்நிறத்தின் பொருட்டு, அது பாயாது. அப்பிரிவின் வாசகத்தில் நிறமொன்றின் பெயரேனும் இல்லை.