புகையில்லா அடுப்பு

காரைக்காலில் பிரெஞ்சில் படித்த நாளிலும் சரி, ஆர்.எஸ்.மங்கலத்தில் குடியேறிய பிறகும் சரி, வீட்டில் விறகடுப்புதான். இங்கே சீமைக்கருவேலுக்குப் பஞ்சமா? அந்தப் புகையில் என் மனைவிக்கு வந்த இளைப்பு, கேஸ் வாங்கிய பிறகும் போகவில்லை. கேஸ் தீயிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு என்கிறார்கள்.

போன மாதம் கரண்ட் அடுப்பு வாங்கினோம். குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டேன். தினம் ஒன்றரை யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 90. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும்! நம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. சமையலுக்கென்று தனியாகக் கொஞ்சம் யூனிட் தரக்கூடாதா?

பக்கத்து வீட்டுப் பெண் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பில்லு எம்புட்டுக்கா வரும்?" என்று என் மனைவியிடம் கேட்டாள். அவள் வீட்டில் இன்னும் விறகுதான்.