வாங்காமல் விட்ட ஃபெண்டர்

அமெரிக்க ஃபெண்டர் பேஸ் கிட்டார் வாங்க வேண்டும் என்றே கச்சேரிப் பணத்தில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்தேன். பணம் சேர்ந்த பிறகு வாங்கவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் என் கையில் இருப்பது அதே ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு விலைத் தயாரிப்பான ஸ்குவயர். கிளாசிக் வைப் வரிசையில் வந்த ப்ரெசிஷன் பேஸ். அமெரிக்கத் தயாரிப்பின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஏன் வாங்கவில்லை என்று குழுவில் யாராவது கேட்டால், "பார்க்கலாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். முழுக் காரணத்தை இப்போதுதான் சொல்கிறேன்.

எதற்காக ஆசைப்பட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மெல்லிசை மேடையில் புதிதாக ஒரு பேஸ்காரர் ஏறினால், மற்றவர்களின் கண் முதலில் போவது கிட்டாரின் தலைப்பகுதிக்குத்தான். அங்கே எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வலித்தது. நாதம், தரம் என்று வெளியே பேசினாலும், மனதுக்குள் நான் ஏங்கியது அந்தப் பெயருக்குத்தான்.

என் ஏக்கம் தெரிந்த மூத்த பேஸ்காரர் ஒருவர், "தம்பி, கொஞ்ச நாள் வீட்டுல வச்சு வாசி. அப்புறம் முடிவு பண்ணு" என்று தன்னுடைய அமெரிக்க ஃபெண்டரையே கொடுத்து அனுப்பினார். இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் கம்பி நீளம் 34 அங்குலம், ஃப்ரெட் 20. இரண்டிலும் உடம்போடு நெக்கைப் பிடித்திருப்பவை நான்கு ஸ்க்ரூக்கள். இரண்டாகப் பிளந்த பிக்கப் ஒன்று. சத்தத்துக்கு ஒரு திருகி, தொனிக்கு ஒரு திருகி. அவ்வளவுதான் வாத்தியம்.

இது இப்படி எளிமையாக இருப்பது தற்செயல் அல்ல. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கழற்றி மாட்டக்கூடிய பொருளை எப்படிச் செய்வது என்பது அவருக்கு அத்துப்படி. 1951இல் ப்ரெசிஷன் பேஸ் வந்தது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கித் திரிந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பேஸ் கிடைத்தது. பிக்கப்பை இரண்டாகப் பிளந்தது 1957இல். தடித்த இரண்டு கம்பிகளுக்கு ஒரு பாதி, மெல்லிய இரண்டுக்கு மற்றொரு பாதி. இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து இரண்டு பாதியிலும் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் சூழ்ந்த திருவிழா மேடையில் வாசிப்பவனுக்கு இதன் அருமை தெரியும்.

வீணையைப் போலக் குடைந்து இழைத்து ஒரு ஆசாரியின் கைப்பதத்தில் உருவாகும் வாத்தியம் அல்ல இது. ஆரம்பத்திலிருந்தே தொழிற்சாலைக்காக வரையப்பட்டது. நல்ல தொழிற்சாலை எந்த நாட்டில் இருந்தாலும் நல்ல பேஸ் வரும். இதை ஜப்பான் எப்போதோ காட்டிவிட்டது. ஸ்குவயர் என்பது 1890இல் மிச்சிகனில் தொடங்கிய வாத்தியக் கம்பி நிறுவனத்தின் பெயர். 1965இல் ஃபெண்டர் அதை வாங்கியது. ஜப்பானிய நிறுவனங்களின் நகல்கள் அசலையே மிரட்டிய காலத்தில், 1982இல், ஜப்பானில் செய்த கிட்டார்களுக்கு ஃபெண்டர் அந்தப் பெயரைச் சூட்டியது. மலிவு என்று விற்ற அந்த முதல் ஜப்பானிய ஸ்குவயர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

சரி, என் கட்டிலுக்கு வருகிறேன். தனியாக வாசித்தபோது வித்தியாசம் இருந்தது. ஃபெண்டரில் மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் தெளிவாக நின்றன. ஸ்குவயரின் சத்தத் திருகி கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டு திடீரென்று இறங்கியது. ஆனால் ட்ரம்ஸும் கீபோர்டும் உள்ள டிராக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தால், எது எதுவென்று என் காதுக்கே பிடிபடவில்லை. மிக மெல்லிய கம்பியில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட் பக்கம் ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போகும் ஒரு இடம் ஃபெண்டர் பேஸ்களில் உண்டு. நெக்கின் அதிர்வு கம்பியின் அதிர்வை விழுங்கிவிடுவதால் வருவது. அந்தக் குறை இரண்டிலும் இருந்தது!

பெரிய வித்தியாசத்தை உணர்ந்தது காது அல்ல, கை. ஸ்குவயரில் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் அழுத்தவே விரல் வலித்தது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறின.

கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஆம்பில் சொருகக்கூட இல்லை. கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் தெரிந்த இடைவெளியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஒரு மயிரிழை போதும் சார். இங்க விரலே போவும் போல இருக்கு" என்றார். நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ராவினார். ஒவ்வொரு ராவலுக்கும் பிறகு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "டிக்" என்று நுணுக்கமாகக் கேட்டதும் நிறுத்தினார். பிறகு மரத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு, இரு பக்கமும் சேர்த்து நாற்பது ஃப்ரெட் முனைகளையும் ஒவ்வொன்றாக உருட்டினார். நெக்கின் வளைவைச் சரிசெய்து, கம்பியின் உயரத்தை இறக்கினார். அன்று வாங்கி வந்தது புது வாத்தியம் என்றே சொல்வேன். விலையில் இருந்த வித்தியாசத்தின் பெரும்பங்கு பொறுமையான அரவேலைதான் என்பதை என் விரல் உணர்ந்த நாள் அது.

அமெரிக்க ஃபெண்டர் மேலானது இல்லையா என்றால், மேலானதுதான். கடையிலிருந்து வரும்போதே அந்த அரவேலை முடிந்து வருகிறது. விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்கும். வாரம் முழுக்க ஒலிப்பதிவில் இருப்பவர்கள் வாங்கட்டும். அவர்களுக்கு அது நியாயமான செலவு. என் பணத்தில் பெரும்பகுதி நல்ல ஆம்புக்குப் போனது. பேஸின் மிகத் தடித்த கம்பி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். சின்ன ஸ்பீக்கரில் அதன் அடிநாதம் வெளியே வரவே வராது.

மேடையில் இன்னமும் சிலர் கிட்டாரின் தலைப்பகுதியைப் படிக்கிறார்கள். படித்துவிட்டுப் போகட்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளோடு நானே கடைக்குப் போகிறேன். மலிவு வரிசையில் ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் கேட்டு வாங்கி, ஆம்பில் சொருகாமல் மடியில் வைத்து வாசிக்கச் சொல்கிறேன். நெக் முறுக்காமல் நேராக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். திருகியையும் ட்யூனிங் கீயையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.