இதயம் மாறிய லேண்ட் ரோவர்கள்

மானேபஞ்சாங் கடைத்தெருவில் சாலையைக் கடந்தால் நேபாளம். டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 26 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வருகிறவர்களின் கண் எல்லைக்கல்லைத் தேடுவதில்லை. தெருவோரம் வரிசையாக நிற்கும் லேண்ட் ரோவர்கள் மீதுதான் போய் விழுகிறது. பெரும்பாலானவை 1950களில் இங்கிலாந்தில் செய்தவை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் ஓட்டிவிட்டு விட்டுப்போனவை. அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய வயதில், கூலிக்கு மலை ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஏறும் மலை சாதாரணமானதல்ல. மேற்கு வங்கத்தின் உச்சி என்று சொல்லப்படும் சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரம். மானேபஞ்சாங்கிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர். அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதிக்கு சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு முழுவதும் உருண்டைக் கற்களைப் பதித்த பாதைதான். மேல்பகுதியில் வண்டி போகிறதா குதிக்கிறதா என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது. அதை நம்பித்தான் இங்கே பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

இந்த வண்டிகளின் உடம்பு அலுமினியக் கலவைத் தகடு. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இரும்புத் தகடு கிடைக்காததால் வேறு வழியின்றிச் செய்தது, துருப்பிடிக்காத வரமாகிவிட்டது. இன்ஜினுக்கு அந்த வரம் இல்லை. சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட அந்த 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நல்ல உழைப்பாளிதான். மெதுவான சுழற்சியிலேயே இழுக்கும். ஆனால் பிஸ்டன் போனால் பிஸ்டனுக்கு எங்கே போவது? பெட்ரோல் விலைக்கு எத்தனை பயணிகளை ஏற்றுவது? ஆக, பெரும்பாலான வண்டிகளில் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு மஹிந்திரா ஜீப்பின் டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள்.

சொல்லும்போது சுலபம். இன்ஜின் பொருந்துகிறதா என்பது பானட்டுக்குள் இடம் இருக்கிறதா என்ற கேள்வி மட்டுமல்ல. லேண்ட் ரோவரின் கியர்பாக்ஸையும், அதோடு ஒட்டிய 'லோ கியர்' பெட்டியையும் கழற்றி எறிய மனம் வராது. மலை ஏற்றுவதே அதுதான். எனவே ஒரு கம்பெனியின் இன்ஜினை இன்னொரு கம்பெனியின் கியர்பாக்ஸோடு கோக்க வேண்டும். நடுவே ஒரு தடித்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து வைக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி ஃப்ளைவீலின் நடுவில் நேராக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் தேயும், பேரிங் கத்தும். ஆயில் சம்ப் முன் அச்சில் இடிக்கக் கூடாது. டீசல் இன்ஜின் கனம் அதிகம், அதிர்வும் அதிகம். இன்ஜின் உட்காரும் ரப்பரையும் முன் ஸ்பிரிங் பட்டையையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். டீசல் வேகமாகச் சுழலாது என்பது சமவெளியில் குறை. இங்கே வேகத்தைக் கேட்பவர் யார்? 3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எந்த இன்ஜினும் அங்கே மூச்சு வாங்கும். கடைசியில் முடிவு செய்வது இழுவை மட்டுமல்ல. நடுவழியில் நின்றால் சிலிகுரியில் உதிரி பாகம் கிடைக்குமா என்பதும்தான்.

காகிதச் சிக்கல் தனி. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. இன்ஜின் மாறினால் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று நம்பரையும் எரிபொருளையும் மாற்றிப் பதிய வேண்டும். கைமாறி வரும் பழைய இன்ஜினுக்கு ரசீது இல்லையென்றால் வம்புதான்.

பழைய கார் ரசிகர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆங்கிலேய உடம்பில் மஹிந்திரா இதயமா? போதாக்குறைக்கு மஹிந்திரா ஜீப்புகளில் நெடுங்காலம் இருந்த 2,112 சிசி டீசல் இன்ஜின் பிரான்சின் பியூஜோ வடிவமைத்தது. லேண்ட் ரோவர் கம்பெனியையே 2008-ல் டாடா வாங்கிவிட்டது. இங்கே பானட்டுக்குள் உறுமுவதோ டாடாவின் போட்டியாளர். அசல் இன்ஜின்தான் வேண்டும் என்று அடம் பிடித்திருந்தால் இந்த வண்டிகளில் பாதி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இப்போது ஆபத்து இன்ஜினிலிருந்து வரவில்லை. சாலை சீராகச் சீராக பொலேரோக்களும் மேலே வருகின்றன. இருக்கை மெத்தென்று இருக்கிறது, குலுக்கல் குறைவு. லேண்ட் ரோவர் ஓட்டுநர்களின் நம்பிக்கை காலிபோக்ரிக்கு மேலே இருக்கிறது. அந்தக் கறுத்த குளத்தைத் தாண்டினால் சந்தக்ஃபூவுக்கு இன்னும் சுமார் 6 கிலோமீட்டர், செங்குத்தான ஏற்றம். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி லோ கியரைத் தட்டுகிறார். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு இழுக்கத் தொடங்குகிறது.