காலையில் கடல், மாலையில் அருவி

கன்னியாகுமரியையும் குற்றாலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றால் நம்புவீர்களா? போன ஜூலையில் என் மாமியாரோடு போய் வந்தேன்.

குமரியில் படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போனோம். மண்டபம் 1970-ல் எழுந்தது. அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திறந்தார்கள். மறுபடி படகேற வேண்டாமென்பது மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். "காலுக்கடியிலே கடல் ஓடுது, தலை சுத்துது!" என்று அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திருநெல்வேலி வழியாகக் காரில் சுமார் 3 மணி நேரம். தென்காசி தாண்டியதும் சிலுசிலுவென்று சாரல்!

பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது. சுகமாக நனைந்துகொண்டிருந்தபோது போலீஸ் விசில்! "இப்பத்தானே வந்தோம்" என்று பலர் முணுமுணுத்தார்கள். அத்தையோ, "தண்ணி எங்கேயும் போயிடாது, நீ வா" என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

அதுதான் சரி. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ விசிலுக்குக் காத்திராமல் குழந்தைகளோடு வெளியேறிவிடுங்கள்.

குளித்ததும் ஈரத்துணியை மாற்றி, சூடாகச் சுக்குக் காபி குடியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். மாற்றுடை, ஸ்வெட்டர், வழக்கமான மாத்திரைகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வாருங்களேன்!